"கடல் வாசல்லயே கெடக்கு" என்று விற்கப்படும் பவளத் தொட்டி: பணம் கொடுக்குமுன் பார்க்க வேண்டியவை

இராமநாதபுரம், மண்டபம், கீழக்கரைப் பக்கம் வீட்டில் பவளத் தொட்டி, அதாவது கடல்பாறை போல அமைத்த கடல்மீன் தொட்டி, வைக்க நினைப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய் என்று ஒருவர் அமைத்துக் கொடுத்த தொட்டியை எங்கள் குழு பிரித்துப் பார்த்தது. முதல் நாள் தண்ணீர் ஊற்றினார், மறுநாள் ஏழு மீன் விட்டார். பத்தொன்பதாம் நாள் உயிரோடு இருந்தது ஒன்றே ஒன்று. அதுவும் மற்ற மீன்களின் துடுப்பைக் கடித்துத் தின்ற மீன். ஆள் பெயரைப் போடவில்லை. இதே பேச்சைப் பேசி விற்பவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

பேச்சு இதுதான்: "அண்ணே, கடல் வாசல்லயே கெடக்கு. உப்பு, கல்லு, மணலு, மீனு எல்லாம் நம்ம கடல்லயே எடுத்துருவோம். பாக்கெட்டுல வாங்குறதெல்லாம் மெட்ராஸ்காரனுக்கு." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஏமாற்று முழுவதும் இந்தப் பேச்சுக்குள்தான் இருக்கிறது.

உப்பிலிருந்து ஆரம்பிப்போம். அவர் கொடுத்தது பெயர் இல்லாத 25 கிலோ சாக்கு. "மெரைன் சால்ட், லூஸா வாங்குனது" என்றார். உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 (கடல்நீரின் அளவு, லிட்டருக்குச் சுமார் 35 கிராம்) காட்டியது, வாங்கியவர் நம்பிவிட்டார். அந்தக் கருவி தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று மட்டுமே சொல்லும்; எந்த உப்பு என்று சொல்லாது. சாக்கில் இருந்தது உப்பள உப்பு. வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் எளிது. கடல்நீர் பாத்திக்கு வரும்போது சுமார் 3 டிகிரி பாமே (உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் அலகு). காயக் காய முதலில் கார்பனேட் படியும், 13 டிகிரி வாக்கில் ஜிப்சம் படியும், 25 டிகிரிக்கு மேல்தான் சமையல் உப்பு விளையும். 29, 30 டிகிரிக்கு வரும்போது மிஞ்சிய கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். மெக்னீசியம் பெரும்பாலும் அதோடு போய்விடும். பவளத் தொட்டிக்கு வேண்டிய கார்பனேட்டும் கால்சியமும் உப்பு விளையுமுன்பே பாத்தியில் தங்கிவிட்டன, மெக்னீசியம் பின்னால் வடிந்துவிட்டது. சாக்கில் இருப்பது சோடியம் குளோரைடு, கொஞ்சம் அழுக்கோடு.

சோதிக்க ஒரு லிட்டர் போதும். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) 0 உள்ள தண்ணீரில் 37 கிராம் உப்பைப் போட்டு, காற்றுக்கல் (காற்றுக் குமிழி விடும் கல்) விட்டு நாலைந்து மணி நேரம் கலக்க விடுங்கள். பிறகு ஆல்கலினிட்டி (அமிலத்தைத் தாங்கும் கார்பனேட் அளவு), கால்சியம், மெக்னீசியம் மூன்றையும் டெஸ்ட் கிட்டில் பாருங்கள். நல்ல கடல் உப்பு என்றால் ஆல்கலினிட்டி 7 முதல் 12 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு), கால்சியம் 400-ஐ ஒட்டி, மெக்னீசியம் 1,250 முதல் 1,350 பி.பி.எம். வரும். உப்பள உப்பில் ஆல்கலினிட்டி சொட்டு மருந்து முதல் துளியிலேயே நிறம் மாறிவிடும். கால்சியம் 400-க்குக் கிட்டவே வராது. ஆல்கலினிட்டி இல்லாத தண்ணீரில் அமிலத்தைத் தாங்கும் பிடிமானம் இல்லை, அதனால் இரவில் பி.எச். சரியும். கழிவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவும் வேலை செய்யச் செய்ய அந்த ஆல்கலினிட்டியைத்தான் செலவழிக்கும். மீன் சில வாரம் தாக்குப்பிடிக்கலாம். இறால் சட்டை உரிக்கும்போது சாகும்.

ரிஃப்ராக்டோமீட்டரையும் நம்பிவிடாதீர்கள். 36.5 கிராம் சுத்தமான சோடியம் குளோரைடை 963.5 கிராம் தண்ணீரில் கரைத்தால் அது 35 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திருகைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். இந்தத் தொட்டிக்கு 191 லிட்டர் கொள்ளளவு. கல்லும் மணலும் போக நீர் சுமார் 160 லிட்டர், உப்பு ஆறு கிலோ. வாரம் 16 லிட்டர் மாற்றினால் 600 கிராம். அவ்வளவுதான் செலவு. இதை மிச்சம்பிடிக்கத்தான் சாக்கு வாங்க வைத்தார்கள்.

கடல்நீரையே எடுத்து ஊற்றலாமா? ஊற்றலாம், கவனமாக. வடகடல் (பாக் விரிகுடா) ஆழம் குறைவு, வண்டல் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கரையோர நீரில் உப்பு இறங்கியிருக்கும். தென்கடலில் (மன்னார் வளைகுடா) கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் கலங்கல். காற்று ஓய்ந்து இரண்டு மூன்று நாள் ஆனபின், நீர் கரையேறும் ஓத நேரத்தில், படகுத்துறைக்கும் கழிமுகத்துக்கும் தள்ளி எடுங்கள். 5 மைக்ரான் துணிப்பையில் வடிகட்டி, மூடிய டிரம்மில் இருட்டில் காற்றுக்கல்லோடு இரண்டு வாரம் வையுங்கள். ஒவ்வொரு முறையும் உப்பளவை அளந்துதான் ஊற்ற வேண்டும்.

ஆவியாகும் தண்ணீருக்கும் கடல்நீரையே ஊற்றச் சொல்லியிருந்தார். ஃபேன் ஓடும் மூன்றடித் தொட்டியில் ஒரு நாளைக்கு 3 லிட்டர் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போவது நீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நிற்கிறது. 3 லிட்டர் கடல்நீரில் 105 கிராம் உப்பு. பத்து நாளில் தொட்டி 35-லிருந்து 41-ஐத் தாண்டிவிடும். குறைந்த மட்டத்துக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

அந்த நல்ல தண்ணீரிலும் ஒரு பொய். "வீட்டு ஆர்.ஓ. போதும்ணே." வீட்டு ஆர்.ஓ.வில் சுவைக்காகப் வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் டி.டி.எஸ். திருகு இருக்கும். நம் மாவட்டத்து உவர்ப்பு போர் தண்ணீரை வைத்து ஓட்டினால் வெளியே 80, 100 வருவது சாதாரணம். கேன் தண்ணீரிலும் தாது சேர்த்திருப்பார்கள். அதில் வரும் சிலிக்கேட்டும் பாஸ்பேட்டும் பழுப்புப் பாசியாக, பிறகு பச்சை முடிப்பாசியாகக் கல்லை மூடும். திருகை முழுக்க மூடி, கடைசியில் மிஞ்சிய உப்பையும் இழுத்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்று சேர்த்து, மீட்டரில் 0 பார்த்துப் பிடியுங்கள்.

கல். இதுதான் பணத்தைவிடப் பெரிய வம்பு. "லைவ் ராக்" (பாக்டீரியாவும் சிற்றுயிரும் குடியிருக்கும் கடல்கல்) என்று 22 கிலோ அடுக்கியிருந்தார். கழுவிப் பார்த்தால் பாதிக்கு மேல் கல்லில் நட்சத்திர வடிவக் குழிகள் வரிசையாக. அது பாறை இல்லை, பவளத்தின் எலும்பு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. கல்பவளம் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில். உயிரோடு இருந்தாலும் செத்துக் கரை ஒதுங்கினாலும் வைத்திருப்பது குற்றம். மூன்றிலிருந்து ஏழு ஆண்டு வரை சிறை. மணலைச் சுத்தம் செய்யும் என்று ஒரு கடல் அட்டையும் போட்டிருந்தார், அதைப் பிடிப்பதும் சட்டப்படி தடை. அட்டை வழக்கு என்றால் என்னவென்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கடல்குதிரையும் சட்டப் பாதுகாப்பில் இருப்பதுதான்.

விற்றவருக்குப் பாதுகாப்பும் இதிலேதான். மீன் செத்ததற்குப் புகார் கொடுக்கப் போனால், தொட்டியில் இருக்கும் கல் உங்கள் வீட்டில் இருக்கிறது. அவரிடம் பில் இல்லை, உங்களிடமும் இல்லை. ஏமாந்தவர் வாயைத் திறக்க முடியாத மாதிரிதான் சரக்கையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

கல்லுக்கு மாற்று இருக்கிறது. செராமிக் கல் வாங்கலாம். கையாலும் செய்யலாம்: வெள்ளை சிமெண்ட் ஒரு பங்கு, நொறுக்கிய சிப்பி மூன்று பங்கு, துளை விழுவதற்குக் கல்லுப்பு ஒரு பங்கு, உருட்டிப் பிடிக்கும் அளவு தண்ணீர். காய்ந்தபின் நல்ல தண்ணீரில் ஆறு வாரம் ஊற வையுங்கள், வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் 24 மணி நேரம் கிடந்தும் பி.எச். 8.5-க்கு மேல் போகவில்லை என்றால் தொட்டிக்குத் தயார். அவசரப்பட்டால் சிமெண்டின் சுண்ணாம்பு மீனின் செவுளை எரிக்கும்.

மறுநாளே மீன் விட்டதற்கு அவர் காட்டிய காரணம் ஒரு பாக்டீரியா பாட்டில். பாட்டில் வேலை செய்யும், வெயிலில் கிடக்காமல் இருந்திருந்தால், தேதி தாண்டாமல் இருந்தால். அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி: மீனே இல்லாமல் அம்மோனியம் குளோரைடு போட்டு அம்மோனியாவை 2 பி.பி.எம். ஆக்குங்கள். 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0-க்கு இறங்கினால் தொட்டி பழுத்துவிட்டது, அதாவது மீன் விடத் தயார். பொதுவாக நாலு முதல் ஆறு வாரம். அதற்குள் மீன் கொண்டுவருபவரைத் திருப்பி அனுப்புங்கள்.

விளக்கு? வெள்ளை எல்.இ.டி. பட்டைக்கு நீலத்தாள் ஒட்டியிருந்தது. நீரோட்டத்துக்கு மணிக்கு 600 லிட்டர் தள்ளும் நன்னீர்த் தொட்டி ஃபில்டர் ஒன்று. இந்த அளவுக்கு வேவ்மேக்கர் (அலை உண்டாக்கும் மோட்டார்) 4,000 லிட்டராவது வேண்டும். கண்ணாடி வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது, 10 மி.மீ., சுத்தமான ஒட்டு.

இனி ப்ளென்னி என்ற சின்ன மீன். அவர் விற்ற ஏழு மீனில் மூன்று ப்ளென்னி, மூன்றிலும் மூன்று வகைத் தவறு.

முதலாவது உண்மையான ப்ளென்னி: சலாரியாஸ் ஃபேசியேட்டஸ், "புல்வெட்டி" என்று செல்லமாக விற்பது. "பாசி வந்தா இது தின்னுரும்ணே." இந்த மீன் கல்லில் படியும் மெல்லிய பாசிப்படலத்தையும் அதில் தங்கும் துகளையும் சுரண்டித் தின்னும்; வளர்ந்த முடிப்பாசியை நம்பி விட்டால் ஏமாற்றம்தான். இரண்டு நாள் தொட்டியில் படலமே இல்லை. 14 செ.மீ. வரை வளரும் மீன், நாளெல்லாம் கொத்திக்கொண்டே இருக்க வேண்டும். வெறுங்கல்லில் கொத்திக் கொத்தியே பட்டினியில் செத்தது. தொட்டி ஓடி ஐந்தாறு மாதம் ஆனபின், ஒன்றே ஒன்று விடுங்கள். வாங்கும்போது பக்கவாட்டில் அல்ல, முன்னால் நின்று வயிற்றைப் பாருங்கள். உள்ளே ஒட்டியிருந்தால் வேண்டாம். கடைத்தொட்டியில் காய்ந்த நோரிப் பாசியோ ஸ்பிருலினா உருண்டையோ போடச் சொல்லி, அது தின்றதைக் கண்ணால் பார்த்தபின் காசு கொடுங்கள். வீட்டில் நோரியைச் சின்னக் கல்லில் ரப்பர் பேண்டால் கட்டி அடியில் வையுங்கள். மேலே மிதக்கவிட்டால் அதற்கு எட்டாது. பெரும்பாலான ப்ளென்னிக்குக் காற்றுப்பை இல்லை, கல்லில் உட்கார்ந்து வாழும் மீன்.

இரண்டாவது, அலைக்கல்லில் ஒட்டித் தாவும் வகை. இதுவும் ப்ளென்னிக் குடும்பம்தான், ஆனால் அலை நனைக்கும் விளிம்பில், பாதி நேரம் தண்ணீருக்கு வெளியே இருப்பது. தடுப்புக்கல்லில் பிடித்து 700 ரூபாய்க்கு விற்றிருக்கிறார். அன்றிரவே தரையில் கிடந்தது. எந்த ப்ளென்னியும் குதிக்கும், 6 மி.மீ. கண் உள்ள வலைச் சட்டம் போடாமல் வாங்காதீர்கள். ஒயர் போகும் மூலை இடைவெளியையும் அடையுங்கள்.

சில சமயம் கோபி என்ற வேறு மீனையே ப்ளென்னி என்று தள்ளிவிடுவார்கள். கோபிக்கு முதுகுத் துடுப்பு இரண்டாகப் பிரிந்து தெரியும், வயிற்றுத் துடுப்பு இரண்டும் சேர்ந்து கிண்ணம் போல இருக்கும். ப்ளென்னிக்கு முதுகுத் துடுப்பு பெரும்பாலும் ஒரே நீளம், உடம்பில் செதில் கிடையாது. பல இனங்களில் கண்ணுக்கு மேல் சின்ன மயிர்க் கொம்பு நிற்கும்.

மூன்றாவதுதான் உயிர் பிழைத்தது. "கிளீனர் மீன், மத்த மீனுக்கு பூச்சி எடுக்கும்" என்று 900 ரூபாய். நீலம், கறுப்புக் கோடு எல்லாம் உண்மையிலேயே பூச்சி எடுக்கும் மீனான கிளீனர் ராஸ் போலவேதான். வாயைப் பாருங்கள்: ராஸுக்கு வாய் மூக்கு நுனியில். இதற்கு வாய் மூக்குக்குக் கீழே, சுறாவுக்கு இருப்பதுபோல. இது ஆஸ்பிடோன்டஸ் டேனியேட்டஸ், கிளீனர் வேஷம் போட்டு நெருங்கித் துடுப்பையும் தோலையும் கடிக்கும் ப்ளென்னி. பிடிக்க வலை பயன்படாது, துளைக்குள் போய்விடும். பாட்டில் கழுத்தைத் தலைகீழாகச் செருகிய பொறியில் இறால் துண்டு வைத்துப் பிடிக்கலாம். வேடிக்கை என்னவென்றால், நஞ்சுள்ள கோரைப்பல் ப்ளென்னியான மெயக்காந்தஸ் மற்ற மீனைத் தொந்தரவு செய்யாது. வெறுங்கையால் பிடிக்காமல் இருந்தால் போதும்.

எந்த மீனையும் நேரே தொட்டியில் விடாமல், தனித் தொட்டியில் 30 நாள் வையுங்கள். கடைத்தொட்டியில் செம்பு மருந்து ஓடினால் வெள்ளைப்புள்ளி நோய் அடங்கிக் கிடக்கும், உங்கள் வீட்டில் எழும். பவளத் தொட்டியில் செம்பு ஊற்றவே கூடாது; கல்லும் மணலும் அதை இழுத்து வைத்துக்கொள்ளும், இறாலும் நத்தையும் சாகும்.

"நம்ம கடல் மீன்" வேண்டுமென்றால் கடலிலிருந்து பிடித்ததாக இருக்க வேண்டியதில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம் க்ளவுன், டாம்சல் மீன்களைக் குஞ்சு பொரித்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. பண்ணையில் பிறந்த க்ளவுன் உருண்டைத் தீனி பழகியது. முதல் மீனாக அதைக் கேளுங்கள்.

பணம் கொடுக்கும் முறை: கண்ணாடி, மோட்டார், விளக்குக்குத் தனிப் பில் வாங்கி முதல் தவணை. உப்புச் சோதனை முடிந்து தண்ணீர் நிரம்பியபின் இரண்டாவது. அம்மோனியாச் சோதனையில் 0 வந்தபின்தான் மீனுக்குக் காசு. பில்லில் உப்பின் பெயர், கல்லின் வகை, மீனின் அறிவியல் பெயர் மூன்றும் எழுதியிருக்க வேண்டும். பில் இருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். "தோணியில வந்துச்சுண்ணே, இதுக்கு எங்க பில்லு" என்றால், அந்தச் சரக்கை வீட்டு வாசலிலேயே நிறுத்துங்கள், இறக்க விடாதீர்கள்.