11-க்கு ஓய்வா, 7-க்கு ஓய்வா?

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் நாங்கள் கூடைப்பந்து விளையாடும் மைதானத்தில் இந்த மாதம் முழுக்க ஒரே பேச்சுதான். சீனியர் அணிக்குப் புது ஜெர்சி செட் தைக்கக் கொடுக்க வேண்டும். அதில் 11 போடுவதா, வேண்டாமா?

20 வருடங்களுக்கு மேல் அந்த எண்ணோடு ஆடிய அண்ணன், போன தீபாவளிக்கு அப்புறம் முழங்கால் ஒத்துழைக்காமல் ஒதுங்கிக்கொண்டார். அவர் எண்ணுக்கு ஓய்வு கொடுத்துவிடலாம், இனி யாரும் அதைப் போட வேண்டாம் என்று சிலர் சொல்கிறோம். ஓய்வு கொடுப்பதென்றால் 7-க்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எண்ணுக்கு எதற்கு ஓய்வு, போட்டு ஆடத்தானே எண் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். மூன்று பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்றுக்கும் ஒரே எடை இல்லை என்பது என் எண்ணம்.

முதலில் 7-ஐப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தம்பி எங்களோடு ஆடியது ஐந்தே வருடம். தோனிக்காகத்தான் 7-ஐக் கேட்டு வாங்கினான். எங்கள் மைதானத்தில் அப்படி எகிறுகிற ஒருவனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. பந்தோடு அவன் பாதியைத் தாண்டினால் மதில்மேல் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். அப்புறம் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டான். நம் ஊர்ப் பக்கம் நன்றாக ஆடுகிற பிள்ளைகளின் வழி அதுதான். ரயில்வே, வங்கி, வருமான வரி, காவல்துறை என்று எங்காவது ஓர் அணி கூப்பிடும். குடும்பத்துக்கு அது வாழ்க்கை. போனதை யாரும் குறையாகப் பேசக் கூடாது. சின்னப்பம்பட்டி நடராஜனும் ஊரைவிட்டுப் போய்த்தான் இந்தியாவுக்குப் பந்து வீசினார்; 2023-இல் தன் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் திறந்தார். வெளியே போகிறவன் ஊரை மறந்துவிட்டான் என்று அர்த்தமில்லை.

11-ஆம் எண் அண்ணன் போகவில்லை. கூப்பிட ஆளில்லாததும் ஒரு காரணம். அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. மாநில அணிக்கு அவர் தேர்வானதே கிடையாது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்து இறங்கும்போது விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும், கட்டைவிரலில் புதிதாக ஒரு சூட்டுத் தழும்பு இருக்கும். அதே கையோடு நேராக மைதானத்துக்குள் வருவார். எங்கள் கோர்ட் சிமெண்டுத் தரை. ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் உண்டு. சேர்வராயன் மலைமேல் கறுத்துக்கொண்டு வந்தால் அரை மணி நேரத்தில் அங்கே தண்ணீர் தேங்கிவிடும். வண்டியின் முன்பக்கம் அவர் எப்போதும் ஒரு பழைய சாக்கு வைத்திருப்பார். மழை விட்டதும் அதைப் பள்ளத்தில் போட்டு ஒற்றி, பிழிந்து, மறுபடி ஒற்றி எடுப்பார். நாங்கள் செருப்போடு ஓரத்தில் நின்று பேசிக்கொண்டிருப்போம். இத்தனை வருடத்தில் அந்தச் சாக்கை நான் ஒரு தடவைகூடக் கையில் எடுக்கவில்லை. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஆட்டத்தில் அவர் வேலை ரீபவுண்ட். போர்டில் பட்டுத் திரும்பும் பந்து எந்தப் பக்கம் விழும் என்பது, அடித்தவன் கையைவிட்டுப் பந்து கிளம்பும்போதே அவருக்குத் தெரியும். உயரம் அவ்வளவு இல்லை. எதிராளியை முதுகால் தள்ளி இடம் பிடித்துவிடுவார், அவ்வளவுதான். ஃபவுலும் நிறைய வாங்குவார். நடுவர் ஸ்கோர் மேஜையைப் பார்த்து ஒரு கையை முஷ்டியாக மூடி, மறுகையில் ஒரு விரலை நீட்டிக் காட்டுவார். முஷ்டி பத்து, விரல் ஒன்று. அந்தச் சைகையைப் பார்த்ததும் சின்னப் பிள்ளைகள் "அண்ணன்!" என்று கத்துவார்கள்.

நாமக்கல் அணியோடு நடந்த ஓர் இறுதி ஆட்டத்தில் கடைசி நொடியில் 7 போட்ட பாஸ்கெட்டை எங்கள் வட்டாரத்தில் இன்றும் பேசுவார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்ததை யாரும் பேசுவதில்லை. ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம். எதிரணி சென்டர் ஆட்டக்காரர் வளையத்தை நெருங்கிப் பந்தைப் போட, தனியாக லே-அப்புக்குப் போகிறார். அது விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அண்ணனுக்கு ஏற்கெனவே நாலு ஃபவுல். தெரிந்தேதான் ஓடிப் போய்க் கையைப் போட்டார். ஐந்தாவது ஃபவுல், வெளியே. அந்த ஆள் ஃபவுலுக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் தவறவிட்டார். பந்து எங்களுக்கு வந்தது, 7-இடம் போனது, அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அண்ணன் அந்த பாஸ்கெட்டைக் கோட்டுக்கு வெளியே தோளில் துண்டோடு நின்று பார்த்தார்.

சரி, உலகத்தில் இதை எப்படிச் செய்கிறார்கள்?

நட்சத்திரத்துக்காக ஓய்வு கொடுப்பது ஒரு வகை. சச்சினின் 10, தோனியின் 7 நமக்குத் தெரியும். 2017-இல் ஷர்துல் தாக்கூர் 10 போட்டு இறங்கியபோது ரசிகர்கள் கொதித்துப் போய், அவர் 54-க்கு மாற வேண்டியதாயிற்று. கூடைப்பந்தில், அமெரிக்காவின் என்பிஏ லீகில் ஆடிய கோபி பிரையன்ட்டுக்கு லேக்கர்ஸ் அணி 8, 24 என்று இரண்டு எண்களுக்கும் 2017-இல் ஓய்வு கொடுத்தது. மயாமி ஹீட் அணி 2003-இல் மைக்கேல் ஜோர்டனின் 23-க்கு ஓய்வு கொடுத்தது. அவர் அந்த அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. மரியாதை சரி, ஆனால் அந்த வீட்டில் வாழாதவருக்கு அந்த வீட்டில் படம் மாட்டியதுபோல இருக்கிறது எனக்கு. இந்த வகையை எடுத்துக்கொண்டால் எங்கள் கிளப்பில் 7 ஜெயிக்கும். அதில் சந்தேகமில்லை.

இன்னொரு வகை, கூடவே இருந்தவருக்காகக் கொடுப்பது. அதே மயாமியில்தான் யுடோனிஸ் ஹாஸ்லெம் இருந்தார். 2002-இல் எந்த அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. பிரான்சுக்குப் போய் ஆடி, உடம்பைக் குறைத்துத் திரும்பி வந்தவர், 2003 முதல் 2023 வரை 20 பருவங்கள் அந்த ஒரே அணியில் இருந்தார். லீகின் சிறந்த ஆட்டக்காரர்களை வைத்து நடத்தும் நட்சத்திர ஆட்டத்துக்கு ஒருமுறைகூடத் தேர்வாகவில்லை. கடைசி வருடங்களில் பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். 2024 ஜனவரியில் அவருடைய 40-க்கு ஓய்வு கொடுத்து, அதை அரங்கத்தின் கூரையில் ஏற்றினார்கள்.

எங்கள் வழக்குக்கு இதைவிட நெருக்கமான ஒன்று ஓக்லஹோமா சிட்டியில் நடந்திருக்கிறது. தண்டர் அணியில் கெவின் டுரான்ட் இருந்தார். 2014-இல் லீகின் மதிப்புமிக்க வீரர் விருது வாங்கியவர், 2016-இல் வேறு அணிக்குப் போய்விட்டார். அதே அணியில் நிக் காலிசன் என்று ஒருவர். அணி சியாட்டிலில் இருந்த காலத்தில் சேர்ந்து, அது 2008-இல் ஓக்லஹோமாவுக்கு இடம் மாறியபோது கூடவே வந்து, 2018 வரை அங்கேயே ஆடியவர். ஆட்டத்துக்குச் சராசரி ஆறு புள்ளிகூட இல்லை. எதிராளிக்குக் குறுக்கே நிற்பது, ஃபவுல் வாங்குவது, கீழே விழுந்த பந்துக்குத் தாவுவது, இவைதான் அவர் ஆட்டம். ஓக்லஹோமாவுக்கு வந்த பிறகு அந்த அணி முதன்முதலாக ஓய்வு கொடுத்த எண் எது தெரியுமா? 2019-இல், காலிசனின் 4. இதை நான் எங்கள் கூட்டத்தில் சொன்னபோது 7-க்காகப் பேசியவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். "அங்கே ஸ்கோர் புத்தகத்தில் எல்லாம் எழுதி வைப்பாங்க, இங்கே என்னங்க இருக்கு?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. இங்கே ஸ்கோர் புத்தகம் இல்லை. எங்கள் கிளப் இன்னும் நடக்கிறது, அதுதான் இருக்கிறது. நடுவில் மூன்று வருடம் ஆள் சேராமல், சாயங்காலம் நாலைந்து பேர்தான் வந்தோம். அண்ணன் வந்துகொண்டே இருந்தார். பக்கத்துத் தெருப் பையன்களைக் கூப்பிட்டுப் பந்தைக் கையில் கொடுத்தார். 7-ஆம் எண் தம்பியும் அப்படி வந்தவன்தான்.

அதனால் யாருக்கு என்ற கேள்விக்கு என் பதில் 11. 7-க்கு இல்லை. 7 இல்லாவிட்டால் நாங்கள் சில கோப்பைகளை இழந்திருப்போம். 11 இல்லாவிட்டால் மைதானத்தில் இப்போது கார்தான் நிறுத்தியிருப்பார்கள். தம்பியின் 7 தொடர்ந்து ஓடட்டும். ஆடிப் பண்டிகைக்குக் கோட்டை மாரியம்மனைப் பார்க்க ஊருக்கு வரும்போதெல்லாம் அவன் எங்களோடு ஆடுகிறான். அன்றைக்கு அந்தச் சட்டை அவனுடையது, மற்ற நாளில் தகுதியானவன் போட்டுக்கொள்ளட்டும்.

இனி எப்படிக் கொடுப்பது என்பதுதான் சிக்கல்.

ஓய்வே கூடாது என்பவர்களின் பழைய வாதம் எண்ணிக்கை. கூடைப்பந்தில் ரொம்ப காலம் 4 முதல் 15 வரைதான் எண்கள். 1, 2, 3 விரல்களை நடுவர் புள்ளிக்கும் வேறு சைகைக்கும் காட்டுவதால் அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். அணிக்கு 12 பேர், எண்ணும் 12. அதில் ஒன்றை எடுத்தால் ஒருவனுக்குச் சட்டை கிடையாது! சர்வதேசக் கூட்டமைப்பு 2014-இல் விதியை மாற்றி 0, 00, 1 முதல் 99 வரை எதையும் போடலாம் என்று ஆக்கிவிட்டது. எனவே அந்த வாதம் இப்போது நிற்காது. பாஸ்டன் செல்டிக்ஸ் 20-க்கும் மேற்பட்ட எண்களைக் கூரையில் ஏற்றிவிட்டு இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்த பாஸ்டனிலேயே எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. ஜிம் லாஸ்கட்டாஃப் அங்கே 1955 முதல் 1964 வரை ஆடியவர், முரட்டுத் தடுப்பு ஆட்டக்காரர். அவருடைய 18-க்கு ஓய்வு கொடுக்க வந்தபோது, வேண்டாம், பின்னால் வருகிற ஒருவன் போட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். எண்ணுக்குப் பதில் 'லாஸ்கி' என்று அவர் செல்லப் பெயரைக் கொடியில் போட்டு ஏற்றினார்கள். பின்னால் டேவ் கவன்ஸ் 18-ஐப் போட்டுப் பெரிய ஆளாகி, அந்த எண்ணுக்குத் தன் பெயரில் ஓய்வு வாங்கினார். எண்ணை ஓடவிட வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட வலுவான சாட்சி இல்லை. ஒரு வாரம் நானும் இந்தப் பக்கம் சாய்ந்துதான் இருந்தேன்.

மாற்றியது நம் ஹாக்கி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிக் கொடுத்துவிட்டு கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்றபோது, அவருடைய 16-ஐ ஹாக்கி இந்தியா சீனியர் அணியிலிருந்து எடுத்துவிட்டது. ஜூனியர் அணியில் 16 அப்படியே இருக்கும் என்றது. பெரியவர்கள் அந்த எண்ணைத் தொடமாட்டார்கள், பிள்ளைகள் போட்டு வளர்வார்கள்.

இது எங்களுக்கென்றே அளந்து தைத்ததுபோல இருந்தது. காரணம் சாதாரணமானது. எங்கள் கிளப்பில் சீனியர் செட் வெளுத்துப் போனால் அதைத் தூக்கிப் போடுவதில்லை. கோடை முகாமுக்கு வருகிற பிள்ளைகளுக்குப் போகும். இப்போதும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அண்ணனின் பழைய 11-ஐத்தான் போட்டு ஆடுகிறான். முழங்கால்வரை தொங்கும். தோளில் இரண்டு பக்கமும் அவன் அம்மா ஊக்கு குத்தி விட்டிருப்பார். போன மாதம் ஏற்காட்டில் ஓர் ஆட்டத்துக்குப் போனோம். 20 கொண்டை ஊசி வளைவிலும் தலையை ஜன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டு வந்தான். பக்கத்தில் அண்ணன் எலுமிச்சம்பழத்தைக் கீறி அவன் மூக்கில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மேலே போய் இறங்கியதும் சட்டையில் வாந்தி பட்டுவிட்டதா என்றுதான் அவன் முதலில் பார்த்தான்.

இந்தப் பேச்சு அவன் காதுக்கும் போயிருக்கிறது. "நான் சீனியருக்கு வந்தா எனக்கு 11 கிடைக்காதாங்ண்ணா?" என்று என்னிடம் கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கிடைக்காது என்பதுதான் உண்மை. அவன் சீனியருக்கு வரும்போது அதைக் கழற்றி அடுத்த சின்னவனுக்குக் கொடுக்க வேண்டும். அவனுக்கு அது வலிக்கும். லாஸ்கட்டாஃப் வழியில் அந்த வலி இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வழியில் சீனியர் ஆட்டத்தில் யாராவது முஷ்டியும் ஒரு விரலும் வாங்கும்போது நாங்கள் இன்னொருவரைத் திரும்பிப் பார்ப்போம். அது எனக்கு வேண்டாம். கொஞ்ச காலமாவது அந்தச் சைகை சீனியர் ஆட்டத்தில் வராமல் இருக்கட்டும்.

அண்ணனிடம் கேட்டோமா என்றால், கேட்டோம். "அதுக்கெல்லாம் செலவு பண்ணாதீங்கப்பா, அந்தக் காசுக்கு வளையத்துக்கு வலை வாங்கிப் போடுங்க" என்றார். வலை வாங்கியாயிற்று. சட்டையைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு, ஜெர்சியும் பந்தும் வைக்கிற அறையில் மாட்டுவதற்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசி முடிவு எடுக்கப்போகிறோம். எப்படியும் திங்கட்கிழமை தையல்காரரிடம் பட்டியல் கொடுத்தாக வேண்டும். நான் என் பங்குக்கு ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். சீனியர் செட், 12 சட்டை: 4, 5, 6, 7, 8, 9, 10, 12, 13, 14, 15, 16. பிள்ளைகள் செட்டில் 11 ஒன்று, சின்ன அளவில், ஊக்கு தேவைப்படாதபடி.