உத்தம் குமாரா, சௌமித்ராவா: தயாரிப்பாளரையும் சேர்த்து எடைபோட்டால்

வங்காளிகளிடம் சினிமாப் பேச்சை எடுத்தால் இந்தக் கேள்வி வராமல் போகாது: உத்தம் குமாரா, சௌமித்ரா சட்டர்ஜியா? கால்பந்தில் மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா என்பதுபோல, தலைமுறை தலைமுறையாக அங்கே நடக்கும் வாக்குவாதம் இது. வழக்கமான தீர்ப்பும் தெரிந்ததுதான். உத்தம் நட்சத்திரம், சௌமித்ரா நடிகர். முன்னவர் கூட்டத்துக்கு, பின்னவர் ரசனைக்காரர்களுக்கு. எனக்கு இந்தத் தீர்ப்பு ஒப்பவில்லை. உத்தம் குமாரின் உழைப்பில் ஒரு பெரும் பகுதியை அது கணக்கிலேயே எடுப்பதில்லை. சொந்தப் பணத்தைப் போட்டு அவர் எடுத்த படங்களைச் சொல்கிறேன்.

முதலில் இருவரும் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்ப்போம். அருண்குமார் சட்டோபாத்யாய் என்ற உத்தம் 1926-ல் கல்கத்தாவில் பிறந்தவர். துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே வாய்ப்புத் தேடியவர். 1948-ல் ‘த்ருஷ்டிதான்’ வெளியானது. அதற்குப் பிறகு வரிசையாகத் தோல்விகள். ‘ஃப்ளாப் மாஸ்டர் ஜெனரல்’ என்று ஸ்டுடியோவில் கேலி பேசினார்கள். 1952-ல் ‘பசு பரிவார்’ ஓடிய பிறகுதான் மூச்சு வந்தது. அடுத்த ஆண்டு ‘ஷாரே சுவாத்தர்’ படத்தில் சுசித்ரா சென்னோடு சேர்ந்தார். அந்த ஜோடி ஏறத்தாழ முப்பது படங்களில் தொடர்ந்தது.

சௌமித்ராவுக்கு இந்தப் படிக்கட்டு எதுவும் இல்லை. 1935-ல் பிறந்து, கிருஷ்ணநகரில் வளர்ந்து, அகில இந்திய வானொலியில் அறிவிப்பாளராக இருந்தவர். எடுத்த எடுப்பிலேயே சத்யஜித் ரேயின் ‘அபுர் சன்சார்’ (1959). முதல் படத்திலேயே உலகம் பார்க்கும் முகமாகிவிட்டார். ரேயோடு மட்டும் 14 படங்கள். உத்தமுக்கு ரேயிடம் கிடைத்தவை ‘நாயக்’ (1966), ‘சிடியாகானா’ (1967) இரண்டே இரண்டு.

இந்த 14-க்கு 2 என்ற கணக்கை வைத்துத்தான் பலரும் தீர்ப்பு எழுதுகிறார்கள். ஆனால் ரே சௌமித்ராவுக்குக் கொடுத்தது ஒரு இயக்குநரின் நம்பிக்கை. உத்தமுக்கு அப்படி ஒரு பாதுகாவலர் கிடையாது. தனக்கு வேண்டிய படத்தை அவரேதான் முதல் போட்டு உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பிரிவினையால் கிழக்கு வங்காளத்து ரசிகர்கள் எல்லைக்கு அப்பால் போய், வங்கப் படத்தின் சந்தையே சுருங்கிக்கொண்டிருந்த காலம் அது. 1965 போருக்குப் பிறகு பாகிஸ்தான் இந்தியப் படங்களைத் தடைசெய்ய, மிச்சமிருந்த கதவும் மூடியது.

தயாரிப்பாளர் உத்தமின் முதல் பெரிய முயற்சி ‘ஹாரானோ சுர்’ (1957). இயக்கம் அஜய் கர். ரயில் விபத்தில் நினைவிழந்தவனை ஒரு பெண் மருத்துவர் குணமாக்கி மணக்கிறாள். பழைய நினைவு திரும்பும்போது அவளை அவன் மறந்துபோகிறான். படம் தேசிய அளவில் தகுதிச் சான்றிதழ் வாங்கியது, வசூலும் பிரமாதம். இன்னொருவராக இருந்தால் இதே அச்சில் பத்துப் படம் எடுத்திருப்பார்.

உத்தம் செய்ததைப் பாருங்கள். ‘சப்தபதி’யில் (1961) மருத்துவ மாணவர்கள் மேடையேற்றும் ‘ஒத்தெல்லோ’ காட்சி ஒன்று வரும். நடிப்பது உத்தமும் சுசித்ராவும். ஆனால் ஆங்கில வசனத்தில் ஒலிப்பது நாடக நடிகர்களான உத்பல் தத், ஜெனிஃபர் கெண்டல் இருவரின் குரல்கள். புகழின் உச்சியில் இருக்கும் கதாநாயகன், தன் சொந்தப் படத்தின் பேர்போன காட்சியில் வேறொருவர் குரலைத் தன் வாயில் ஏற்றுக்கொள்கிறார். நடிகர் உத்தம் விட்டுக்கொடுத்ததால் தயாரிப்பாளர் உத்தமுக்குக் கிடைத்த காட்சி அது.

1963-ல் வந்த ‘உத்தர் ஃபால்குனி’ இன்னும் ஒரு படி மேல். அம்மா, மகள் என்று சுசித்ராவுக்கு இரட்டை வேடம். இயக்கம் அசித் சென். பணம் போட்ட உத்தம் அதில் நடிக்கவே இல்லை. முழுக்க நாயகியின் தோளில் நிற்கும் கதைக்கு, நாட்டின் பெரிய நாயகர்களில் ஒருவர் முதல் போட்டுவிட்டு ஒதுங்கி நிற்கிறார். வங்க மொழியின் சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. இந்தியில் ‘மம்தா’ (1966) ஆனது. தமிழில் சௌகார் ஜானகி தாமே தயாரித்து நடிக்க, கே. பாலசந்தர் இயக்கத்தில் ‘காவியத் தலைவி’ (1970) ஆனது. வங்காளத்தில் ஒரு நடிகர் பணம் போட்ட கதை, சென்னையில் ஒரு நடிகை பணம் போட்ட படமாக வந்தது எனக்கு மிகவும் பிடித்த தொடர்பு. உத்தம் நடித்த ‘அமானுஷ்’ சிவாஜியின் ‘தியாக’மாக வந்ததைத் தமிழ் ரசிகர்கள் ஞாபகம் வைத்திருப்பார்கள். ‘காவியத் தலைவி’யின் வேரில் அதே மனிதரின் பணம் இருந்தது அவ்வளவாகத் தெரிவதில்லை.

1967-ல் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே வந்தன. சிறந்த நடிகருக்குத் தேசிய விருது தரத் தொடங்கியது அந்த ஆண்டுப் படங்களுக்குத்தான். ‘ஆண்டனி ஃபிரிங்கி’, ‘சிடியாகானா’ இரண்டுக்குமாக முதல் விருதே உத்தமுக்கு. அதே ஆண்டில்தான் இந்தியில் காலூன்ற அவர் வைஜயந்திமாலாவோடு நடித்துத் தயாரித்த ‘சோட்டி சி முலாகாத்’ படுத்துவிட்டது. தன்னுடைய பழைய வெற்றிப் படமான ‘அக்னி பரீக்ஷா’வின் (1954) மறுஆக்கம். சிறு வயதில் நடந்த கல்யாணத்தைச் சுற்றிய கதை. 13 ஆண்டு கழித்து, வேறு மொழியில், வண்ணத்தில், பெரும் செலவில் எடுத்தது தவறான கணிப்பு என்றே நினைக்கிறேன். கடன் அவரை வெகுநாள் விடவில்லை.

சௌமித்ரா இப்படிப் பணத்தைப் பணயம் வைத்தவர் இல்லை. அவருடைய துணிச்சல் வேறு வகை. நிர்மால்ய ஆச்சார்யாவோடு சேர்ந்து ‘எக்ஷன்’ என்ற இலக்கிய இதழை நடத்தினார். அட்டை வரைந்தவர் ரே. கவிதை எழுதினார், நாடகம் எழுதி இயக்கினார், 75 வயதில் மேடையில் லியர் மன்னனாக நின்றார். 1970-களில் பத்மஸ்ரீயை மறுத்தார். 2001-ல் நடுவர் குழுவின் சிறப்பு தேசிய விருதையும் வேண்டாம் என்றார். உத்தம் முதல் ஆளாக வாங்கிய அதே சிறந்த நடிகர் விருது, ‘பதக்ஷேப்’ (2006) படத்துக்காக அவரிடம் வந்தபோது வயது 70-ஐத் தாண்டியிருந்தது. பிறகு பால்கே விருதும் வந்தது.

1960-களின் கடைசியில் திரைத்துறைப் போராட்டத்தை ஒட்டி நடிகர் சங்கம் பிளந்தபோது இருவரும் எதிரெதிர் பக்கம் நின்றார்கள். இடதுசாரிச் சாய்வு கொண்ட சௌமித்ரா அபிநேத்ரு சங்கத்திலேயே இருந்தார். வெளியேறிய உத்தம் 1968-ல் ‘ஷில்பி சன்சத்’தைத் தொடங்கினார். நலிந்த கலைஞர்களுக்கு நிதி திரட்ட அந்த அமைப்பின் பெயரில் ‘பன் பலாஷிர் பதாவலி’யை (1973) அவரே இயக்கியும் கொடுத்தார். அரசியலில் என் மனம் சௌமித்ரா பக்கம் போனாலும், நலிந்தவர் கைக்குப் பணம் போய்ச் சேர உத்தம் கண்ட வழியைக் குறைத்துச் சொல்ல முடியாது.

நேருக்கு நேர் மோதிய படங்களைப் பார்க்க விரும்புவோர் ‘ஜிந்தேர் பந்தி’யில் (1961) தொடங்கலாம். தபன் சின்ஹா இயக்கம். உத்தமுக்கு இரட்டை வேடம். அதுவரை மென்மையான இளைஞனாக மட்டும் தெரிந்த சௌமித்ரா, மயூர்வாகன் என்ற அழகான வில்லனாக வந்து பல காட்சிகளைத் தட்டிக்கொண்டு போகிறார். 1979-ல் ‘தேவதாஸ்’ எடுத்தபோது தேவதாஸ் சௌமித்ரா, நண்பன் சுனிலால் உத்தம். ஐம்பதைத் தாண்டிய மகாநாயகன் இரண்டாம் இடத்தில் அலட்டாமல் நிற்பது பார்க்க வேண்டியது. அடுத்த ஆண்டு ஜூலை 24 அன்று, படப்பிடிப்புக் காலத்திலேயே, 53 வயதில் போய்விட்டார். சௌமித்ராவுக்கு 2020 நவம்பர் வரை, அதாவது 85 வயது வரை, நடிக்க நேரம் கிடைத்தது. இவர்களை ஒப்பிடும் யாரும் இந்த 32 ஆண்டு வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

தனித்தனி நடிப்பை உரசிப் பார்க்க என் பரிந்துரை வேறு இரண்டு படங்கள். இரண்டிலும் கல்யாணம் உடைகிறது. அஜய் கரின் ‘சாத் பாகே பாந்தா’வில் (1963) கணவன் சௌமித்ரா, தன்மானம் மிக்க பேராசிரியர். மனைவி சுசித்ரா, வசதியான வீட்டுப் பெண். சண்டையின் உச்சத்தில் அவர் சௌமித்ராவின் ஜிப்பாவைப் பிடித்துக் கிழிக்கிறார். மாஸ்கோ விழாவில் சுசித்ராவுக்குச் சிறந்த நடிகை விருது வாங்கித்தந்த படம் இதுதான். உத்தமோடு நடித்த எதற்கும் அது கிடைக்கவில்லை. எதிரே நிற்பவர் தன்னை அடக்கிக்கொண்டதால்தான் சுசித்ராவின் கோபம் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

மற்றது தபன் சின்ஹாவின் ‘ஜதுக்ருஹ’ (1964). குழந்தை இல்லாத கணவன் மனைவியாக உத்தமும் அருந்ததி தேவியும். கத்தல் இல்லை, கிழித்தல் இல்லை. பிரிந்துபோனவர்கள் ரயில் நிலையத்தில் மறுபடி சந்திக்கிறார்கள். சுபோத் கோஷின் இதே கதையைத்தான் பிற்பாடு குல்சார் ‘இஜாஸத்’ (1987) ஆக்கினார். ரசிகர்களைக் கிறங்கடித்த அந்தச் சிரிப்பை உத்தம் இதில் பெரும்பாலும் ஒளித்துவைக்கிறார்.

நடிப்பின் வீச்சை மட்டும் கேட்டால், ‘சாருலதா’வின் அமல் முதல் ‘கோனி’யின் நீச்சல் பயிற்சியாளர் வரை போய்வந்த சௌமித்ராவுக்கே என் ஓட்டு. முழு வாழ்க்கையையும் எடைபோடச் சொன்னால் உத்தம்தான். நாயகனின் மவுசைக் கூட்டாத ‘ஜதுக்ருஹ’ போன்ற படத்துக்கும் தயாரிப்பாளர் அவரேதான்.