ஒற்றை வரிக் கொட்டேஷனை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்

தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் பழைய வீட்டைப் புதுப்பிக்கக் கொட்டேஷன் வாங்கிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மேற்கொண்டு பேசுங்கள்.

எங்கள் வீட்டுக்குக் கடல் கூப்பிடு தூரம். உப்புக் காற்றில் மேல்தளத்துக் கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்து விழத் தொடங்கியது. மூவரிடம் விலை கேட்டோம். இருவர் ஏறக்குறைய ஒரே தொகையைச் சொன்னார்கள். மூன்றாமவர் சொன்னது அதில் பாதிக்குச் சற்று மேல். மனிதர் சுத்தியலால் ஓரிடத்தில்கூடத் தட்டிப் பார்க்கவில்லை. கல்யாணப் பத்திரிகை உறையின் பின்பக்கத்தில் "சீலிங், பூச்சு, பெயிண்ட், மொத்தம்" என்று எழுதி, கீழே தொகையைப் போட்டு இரண்டு கோடு இழுத்தார். "நம் ஏரியா ஆள் அண்ணே, உங்களிடமா லாபம் பார்க்கப்போகிறேன்?" என்று வேறு கேட்டார்.

விலையைப் பார்த்து அவரிடமே வேலையைக் கொடுத்தோம். லாபம் பார்த்தார். பெயர்ந்த இடத்தில் துருவின் மேலேயே சிமென்ட் கலவையை அப்பச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தட்டினால் வெற்றொலி கேட்கும் இடம் முழுவதையும் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியைக் கம்பி பிரஷால் தேய்த்துத் துருத்தடுப்புப் பூச்சு கொடுக்க வேண்டும். அதன்பின் பாலிமர் சேர்த்த கலவை. துருப்பிடிக்கும் கம்பி பருத்துக்கொண்டே போகும், மேலே பூசியதைத் தள்ளிவிடும். கேட்டதற்கு, "அது தனி ரேட்" என்றார். மற்ற இருவரின் தொகையில் அந்த 'தனி ரேட்' அடங்கியிருந்தது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் பூச்சு பெயிண்டோடு தகடு தகடாகக் கீழே வந்தது.

வேலை பாதியில் நிற்கும்போது சுவர்ப் பூச்சு 'மொத்தத்தில்' சேராது என்று டேப்பை எடுத்தார். சதுர அடி என்றதும் நாம் தரையை நினைப்போம், அவர்கள் சுவரை அளப்பார்கள். 10க்கு 12 அறையில் தரை 120 சதுர அடி. 10 அடி உயரத்தில் நான்கு சுவரும் சேர்ந்தால் 440. கதவு, ஜன்னலை அவர் கழிக்கவே இல்லை. சுவரின் இருபுறமும் பூசினால், அரை சதுர மீட்டருக்கு மேல் 3 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்கு ஒரு பக்கத்தைக் கழிக்க வேண்டும் என்கிறது கட்டட வேலையை அளப்பதற்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1200. 7க்கு 3 கதவு இதற்குள்தான் வரும். சொன்னால், "இந்தப் பக்கம் அந்த வழக்கமில்லை" என்ற பதில்.

இன்னொரு செலவு நம் சந்துகளுக்கே உரியது. மணல் லாரி மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும். அங்கிருந்து சுமைகூலி யார் தலையில்? இடித்த குப்பையை யார் அள்ளுவது? சாரம், ஜி.எஸ்.டி. தொகைக்குள்ளா, வெளியிலா? எழுத்தில் வாங்குங்கள். சிமென்ட் பழையதா என்று தெரிய, மூட்டையில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு வாரத்தையும் பாருங்கள்.

அந்த மனிதர் இப்போது போனை எடுப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்துவிட்டோம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணமில்லை.