கிளாட் பொது அறிவுப் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

தஞ்சாவூரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பதினான்கு ஆண்டுகளாகத் தட்டச்சராக வேலை பார்க்கிறேன். அந்த வேலையைப் பார்த்தே வளர்ந்த என் மகள், தேசிய சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர வேண்டும் என்று பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும்போதே சொல்லிவிட்டாள். 2024 ஏப்ரலில், அந்தப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வான கிளாட்டின் பொது அறிவு மற்றும் நடப்பு நிகழ்வுகள் பகுதிக்கென்றே நடத்தப்படும் ஓர் இணையவழிப் பயிற்சிக்கு 18,500 ரூபாய் கட்டினேன். அந்தப் பணத்துக்கு எங்களுக்கு என்ன கிடைத்தது என்பதை, இப்போது பிள்ளைகளைத் தயார் செய்துகொண்டிருக்கும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். வழக்கு நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

நாங்கள் ஏன் நம்பினோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகிறார்கள். நுழைவுத் தேர்வு கிடையாது. ஆகவே எங்கள் அலுவலகத்துக்கு வந்துபோகும் வழக்கறிஞர்களில் கிளாட் எழுதியவர் ஒருவர்கூட இல்லை. திருச்சியிலேயே தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இருந்தும், அதற்குள் நுழையும் வழியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள எங்களுக்கு ஆள் இல்லை. அந்த நேரத்தில் 'கவுன்சலர்' என்று ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "மேடம், நூற்றிருபது கேள்வியில கால்வாசி ஜி.கே.தான். மத்ததை எல்லாம் பாப்பா பாத்துக்குவாங்க, ஜி.கே.யை எங்ககிட்ட விட்டுடுங்க" என்றார். கால்வாசி என்பது உண்மைதான். 28 முதல் 32 கேள்விகள் அந்தப் பகுதியில் வருகின்றன. அந்த ஓர் உண்மையைச் சரியாகச் சொன்னதால் மற்றவையும் சரியாக இருக்கும் என்று எண்ணிவிட்டேன். வாரந்தோறும் புதிய பயிற்சித் தாள், மாதந்தோறும் நடப்பு நிகழ்வுத் தொகுப்பு, விடை விளக்கம், மூன்று மாதத்துக்குள் திருப்தி இல்லையென்றால் முழுப் பணமும் திரும்ப வரும் என்ற உறுதி, இவை அனைத்தும் வாய்மொழியாகவே சொல்லப்பட்டன.

பணம் கட்டிய மறுநாள் 212 பக்கத்தில் ஒரு பிடிஎஃப் வந்தது. முழுவதும் ஒற்றை வரிக் கேள்விகள்: எந்த நாட்டின் தலைநகர் எது, எந்த விருது யாருக்கு, எந்தக் கோப்பை எந்த விளையாட்டுக்கு என்பன போன்றவை. 2019 வரை கிளாட்டில் இப்படித்தான் கேட்டார்கள். 2020-இல் தேர்வு முறையே மாறிவிட்டது. 450 சொற்கள் வரையிலான ஒரு பத்தியைக் கொடுத்து, அதையொட்டிக் கேள்விகள் கேட்கிறார்கள். பத்தி இருக்கிறதே, விடையை அதிலேயே தேடிக்கொள்ளலாம் என்று நினைத்துவிடக் கூடாது. பத்தி எந்த விஷயத்தைப் பற்றியதோ அதன் முன்கதையும் பின்விளைவும் தெரிந்தவர்தான் பொது அறிவுப் பகுதியில் விடை எழுத முடியும். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிக்கப்படும். இந்த அடிப்படை மாற்றத்தைக்கூட அறியாத ஒரு தொகுப்பைத்தான், அது நடந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு எங்களுக்கு விற்றிருக்கிறார்கள். ஆனால் அது அப்போது எனக்குத் தெரியாது.

தெரியவந்தது ஆகஸ்ட் மாதத்தில். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டம், பின் நடந்தவற்றுக்குப் புதிய சட்டம் என்று இரண்டு பிரிவு எண்களையும் மேசையில் ஒட்டி வைத்துக்கொண்டு நான் மனுக்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த காலம் அது. ஒரு நாள் இரவு மகள், 'ஆகஸ்ட் 2024' என்று முகப்பில் அச்சிட்டிருந்த மாதத் தொகுப்பிலிருந்து வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்: "நடப்புச் சட்டத்தின்படி கொலைக்கான தண்டனை, பிரிவு 302." நான் கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டு, "அது பழசும்மா, புதுசுல 103" என்றேன். புதிய சட்டத்தில் 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவதைப் பற்றிய பிரிவு. "இல்லம்மா, புக்ல இப்படித்தான் இருக்கு" என்று அவள் திரையைக் காட்டினாள். சட்டம் படிக்கப்போகும் பிள்ளைகளுக்கான தொகுப்பில், அந்த ஆண்டின் மிகப் பெரிய சட்ட மாற்றமே இடம்பெறவில்லை.

அதன் பிறகு வந்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகளும் இருவரும் உட்கார்ந்து பக்கம் பக்கமாகச் சரிபார்த்தோம். மகளிர் இட ஒதுக்கீட்டை 128-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் என்று எழுதியிருந்தார்கள். 128 என்பது 2023 செப்டம்பரில் மக்களவையில் அறிமுகமான மசோதாவின் எண். சட்டமானபோது அது 106-ஆவது திருத்தம். தேர்வில் இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்த விடைகளாகக் கொடுத்தால், இந்தத் தொகுப்பைப் படித்த பிள்ளை தயங்காமல் தவறான விடையைத் தேர்ந்தெடுக்கும். பிரிக்ஸ் அமைப்பில் அர்ஜென்டினா சேர்ந்துவிட்டதாக இருந்தது. 2023 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் அழைப்பு விடுக்கப்பட்டது உண்மை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே அந்த நாடு அழைப்பை மறுத்துவிட்டது. நேட்டோவில் 31 நாடுகள் என்றிருந்தது. 2024 மார்ச்சில் சுவீடன் சேர்ந்து 32 ஆகியிருந்தது. யாரோ ஒருவர் 2023-இல் தொகுத்ததை, முகப்பில் மாதத்தின் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்பது எங்களுக்கு விளங்கிவிட்டது.

பணம் போனதைவிட என்னை வருத்தியது வேறொன்று. தெரியாத கேள்வியைப் பிள்ளை விட்டுவிடலாம், மதிப்பெண் கழியாது. தவறாகத் தெரிந்த கேள்வியை அவள் விடமாட்டாள். நான்கு மாதம் இரவு பத்து மணிக்கு மேல் கண்விழித்து மனப்பாடம் செய்தவற்றில் எது சரி, எது தவறு என்று ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. சில தவறுகள் நவம்பர் வரையிலும் அவள் வாயில் வந்துகொண்டே இருந்தன.

மாதிரித் தேர்வுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வந்த எட்டில் ஐந்து, அதே கேள்விகளை வரிசை மாற்றிப் போட்டவை. விடை விளக்கம் என்று எதுவும் வரவில்லை. வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகிகள் மட்டுமே எழுத முடியும். தவறுகளைத் திரட்டி நிர்வாகியின் எண்ணுக்கு மகள் தனியாக அனுப்பியதும் அவளைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, மூன்று மாதக் கெடு முடிந்துவிட்டது என்றும், எப்படியும் பிடிஎஃப் பதிவிறக்கம் செய்தவர்களுக்கு அது பொருந்தாது என்றும் சொன்னார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்த பிறகுதான் இறங்கி வந்து, 6,000 ரூபாய் தருவதாகவும், இணையத்தில் நான் எழுதிய கருத்தை நீக்கிவிட வேண்டும் என்றும் கேட்டார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் சீனியரின் உதவியோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுத்திருக்கிறேன். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டது என்றால் ஆணையத்துக்குக் கட்டணமே செலுத்த வேண்டியதில்லை. இது பலருக்குத் தெரியாததால் இங்கே குறிப்பிடுகிறேன்.

பணம் கட்டும் முன், கடைசியாக வெளியான மாதத் தொகுப்பை முழுமையாகக் காட்டச் சொல்லுங்கள். அவர்களே பொறுக்கித் தரும் மாதிரிப் பக்கங்கள் போதாது. அந்த மாதம் நடந்ததாக உங்களுக்கே உறுதியாகத் தெரிந்த மூன்று செய்திகளை அதில் தேடுங்கள். கேள்விகள் பத்தியோடு இருக்கின்றனவா, விடைக்குக் காரணம் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். பணம் திரும்பத் தரும் நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள். என் மகள் கடைசி மூன்று மாதங்கள் நாளிதழையும், மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகக் குறிப்புகளையும், தேர்வை நடத்தும் கூட்டமைப்பு தன் இணையதளத்தில் வெளியிட்டிருக்கும் பழைய வினாத்தாள்களையும் வைத்துத்தான் படித்தாள். நாளிதழைத் தவிர எதற்கும் ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை.

தேர்ச்சி பெற்ற மாணவர்களின் படங்களையும் நம்பிவிடாதீர்கள். எங்களை நம்பவைத்த விளம்பரத்தில் இருந்த ஒரு மாணவரின் முகத்தை, அதே தரவரிசை எண்ணோடு, வேறொரு நிறுவனத்தின் விளம்பரத்திலும் பின்னர் பார்த்தேன். 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, அந்த மாணவர் எந்தப் பயிற்சியில், எவ்வளவு காலம் படித்தார், பணம் கட்டிப் படித்தாரா என்பதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும். நான் எழுதிக் கேட்டும் பதில் வரவில்லை. அந்த இரண்டு விளம்பரங்களின் திரைப்பதிவுகளும், பணம் கட்டிய ரசீதும், முகப்பு மட்டும் மாறிய நான்கு மாதத் தொகுப்புகளும் இப்போது என் வழக்கின் ஆவணங்களாக இருக்கின்றன. இதே போன்று ஏமாந்தவர்கள், கோபத்தில் அந்தக் கோப்புகளையும் உரையாடல்களையும் அழித்துவிடாமல் வைத்திருங்கள்.