கேமரன் மலையில் வாங்கிய இரண்டு கண்ணாடிச் சட்டங்கள்

கேமரன் மலையின் பிரிஞ்சாங் நகரில் உள்ள நினைவுப்பொருள் கடையொன்றில் சென்ற ஆண்டு இரண்டு கண்ணாடிச் சட்டங்களை வாங்கினேன். ஒன்றில் மலேசியாவின் தேசிய வண்ணத்துப்பூச்சியான ராஜா புரூக். மற்றொன்றில் அழுத்தி உலர்த்திய ஹைட்ராஞ்சியா பூக்களும் பெரணி இலைகளும். இரண்டும் ஈப்போவில் எங்கள் வரவேற்பறைச் சுவரில் ஓராண்டாக அருகருகே இருப்பதால், இப்போது நிதானமாக மதிப்பிட முடிகிறது.

ராஜா புரூக்கின் அழகைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஏறக்குறைய 15 செ.மீ. அகலமுள்ள கரிய சிறகில் பற்கள் போல வரிசையாக ஓடும் அந்தப் பச்சையைக் காணும்போது, 1855இல் இதற்குப் பெயரிட்ட இயற்கையியலாளர் வாலஸ், சரவாக்கின் ஆட்சியாளர் ஜேம்ஸ் புரூக்கின் பெயரைச் சூட்டியது பொருத்தமே என்று தோன்றும். முன்சிறகுகளின் கீழ்விளிம்பு உடலுக்குச் செங்குத்தாக நிற்கும்படி விரித்து உலர்த்தியிருக்கிறார்கள்; உணர்கொம்புகள்கூட முறியவில்லை. ஆனால் இவ்வளவு நுணுக்கமான வேலையைச் சட்டத்தின் முதுகுப்புறம் கெடுத்துவிட்டது. அட்டையை ஊசி அடித்து மட்டுமே பொருத்தியிருந்ததால் மூலையில் இடைவெளி இருந்தது. எட்டாம் மாதத்தில் பூச்சியின் உடலுக்குக் கீழே பழுப்பு நிறத் தூள் உதிர்ந்து கிடந்தது. உலர்ந்த உடலைத் தின்னும் சிறு வண்டுப்புழுக்களின் வேலை அது. நெகிழிப் பையில் இறுகக் கட்டி இரண்டு வாரம் உறைபெட்டியில் வைத்த பிறகே நின்றது. இடைவெளியை நானே ஒட்டினேன்.

அதைவிட என்னை வருத்தியது, பூச்சி கிடைத்த ஊரோ நாளோ சட்டத்தில் குறிக்கப்படாததுதான். பண்ணையில் வளர்த்ததா, காட்டில் பிடித்ததா என்று கேட்டபோது கடைக்காரரால் சொல்ல முடியவில்லை. இந்த இனம், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளது; உரிய அனுமதியின்றி வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. சுற்றுப்பயணிகளுக்கு இதைக் கடையிலேயே சொல்ல வேண்டும்.

பூச்சட்டத்தை இரு கண்ணாடிகளுக்கிடையே வைத்து, நான்கு விளிம்பையும் காற்றுப் புகாமல் அடைத்திருக்கிறார்கள். சன்னல் பக்கமிருந்த நீல இதழ்கள் மட்டும் சற்று வெளுத்தன. வெயில் படாத சுவருக்கு மாற்றிய பின் நிறம் மேலும் குறையவில்லை. விலையும் பாதிதான்.

பூச்சட்டத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ராஜா புரூக்கை இனி வாங்க மாட்டேன். கோப்பெங் அருகேயுள்ள உலு கெரோ கிராமத்துக்குச் சென்று, வெந்நீர் ஊற்றோர ஈரமண்ணில் ஆண் பூச்சிகள் கூட்டமாக அமர்ந்து நீர் உறிஞ்சுவதைப் பார்ப்பேன்.