ஐப்பசியில் எதை ஊன்றலாம்: சின்ன வெங்காயமா, பூண்டா?

சமவெளி வீட்டுத் தோட்டம் என்றால் என் ஓட்டு சின்ன வெங்காயத்துக்குத்தான். காயின் தலைப்பக்கம் மண்ணுக்கு வெளியே தெரிகிற மாதிரி ஊன்றினால் போதும். 65–70 நாளில் தாள் சாய்ந்துவிடும், பிடுங்கலாம். ஒரே தொல்லை அடைமழை. தண்ணீர் தேங்கினால் காய் அழுகும், அதனால் மேட்டுப்பாத்தி அவசியம்.

பூண்டுக்குப் பொறுமை வேண்டும். பல்லின் கூர்முனை மேலே பார்க்க ஊன்றிவிட்டு நாலு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதுவும் நல்ல குளிர் கிடைத்தால்தான் பல் பிரிந்து திரளும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் சரி. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியதும் கொடைக்கானல் மலைப்பூண்டுதானே. மதுரை மொட்டைமாடியில் பெரும்பாலும் தாளோடு நின்றுவிடும். ஆனால் அந்தத் தாளைக் கிள்ளித் துவையல் அரைத்தால் வாசனையே தனி. அதற்காகவே ஒரு தொட்டியில் நாலு பல் ஊன்றலாம்.