பற்றரி மாற்றினால் சேர மறுக்கும் நீர்மட்ட சென்சர்

வயல் வட்டையில் நான் பூட்டியிருக்கும் லோராவான் (சிறு பற்றரியிலேயே தூரத்துக்குச் சின்னச் செய்தி அனுப்பும் வயர்லெஸ் முறை) நீர்மட்ட சென்சரைத் தானும் வாங்கலாமா என்று அக்கரைப்பற்றிலிருந்து மச்சான் கேட்டிருக்கிறான். போன வாரம் பற்றரி மாற்றியதில் வந்த கடுப்பு இன்னும் ஆறவில்லை. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

புதுப் பற்றரி போட்டு மூடியைப் பூட்டியதும் சிவப்பு லைட் மினுங்கியது. பச்சைக்கு மாறவே இல்லை. ஓடிஏஏ என்ற, வானலை வழியே கேட்டுச் சேரும் முறையில் வலையமைப்பில் சேரக் கேட்கும்போதெல்லாம் சென்சர் டெவ்நொன்ஸ் என்றொரு எண்ணையும் சேர்த்து அனுப்பும். யாராவது பழைய கோரிக்கையைப் பிடித்து வைத்துத் திரும்ப அனுப்பி ஏமாற்றாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. லோராவான் 1.0.4 இல் அந்த எண் 0 இல் தொடங்கி ஒவ்வொன்றாகக் கூடவேண்டும், மின்சாரம் போனாலும் மறக்கக்கூடாது. இந்தச் சென்சர் மறந்துவிடுகிறது! பற்றரியைக் கழற்றினால் மறுபடியும் 0. பழைய எண்ணைக் கண்டால், வலையமைப்பை நடத்தும் சேர்வர் பதிலே அனுப்பாது. சென்சரோ ஐந்தாம் செக்கனிலும் ஆறாம் செக்கனிலும் பதிலுக்குக் காது கொடுத்துவிட்டு, பிறகு திரும்பவும் சேரக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

சேர்வரில் பழைய எண்களை அழித்தால் உடனே சேர்ந்துவிடும். சரி, என்னிடம் லப்டொப் இருக்கிறது. வட்டையில் தனியே நிற்கும் அப்பா என்ன செய்வார்? விற்றவர்களைக் கேட்டால் "சிக்னல் காணாது, கேட்வேயை உயர்த்துங்கள்" என்கிறார்கள் (கேட்வே என்பது சென்சரின் செய்தியை வாங்கிச் சேர்வருக்கு அனுப்பும் பெட்டி). கோரிக்கை கேட்வேக்கு வந்ததை லொக் பதிவில் காட்டினாலும் அதே பதில்தான். ஒரு எண்ணை அழியாத நினைவகத்தில் எழுதி வைக்கும் சின்ன வேலையைக்கூடச் செய்யாமல் விற்பது பொறுப்பில்லாத வேலை.

அப்புறம், சென்சரின் அடையாள எண்ணான டெவ்இயுஐ 16 எழுத்து, அது சேரத் தேவையான இரகசியத் திறவுகோலான ஆப்கீ 32 எழுத்து, இரண்டும் வெளியே ஒட்டிய ஸ்டிக்கரில்தான். வெயிலில் வெளுத்து இப்போது 8 எது, பீ எது என்று தெரியவில்லை. வாங்கிய அன்றே படம் எடுத்து வை.

அளவெடுக்கும் இடைவெளியை மாற்றினால் அது உடனே போய்ச் சேராது, சென்சர் அடுத்த முறை பேசும்வரை காத்திருக்கும். தான் பேசிய பிறகு மட்டும் காது கொடுக்கும் கிளாஸ் ஏ சாதனம் பற்றரியை மிச்சம் பிடிப்பதே அப்படித்தான். அதை நான் குறையாக எடுக்கவில்லை.

சேர்ந்த பிறகு இதைக் குறை சொல்ல வாய் வராது. கேட்வே வவுணதீவில் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியின் மேல் இருக்கிறது. நடுவில் மறிப்பில்லாத வயல்வெளி, அடைமழையிலும் செய்தி வந்துவிடும். சிறுபோகத்தில் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் முறை வரும் இரவுகளில் வாய்க்கால் ஏறுவதைப் போனிலேயே பார்க்கலாம். முன்பென்றால் அப்பா டோர்ச்சோடு போய், யானை வருமோ என்ற பயத்தில் வரம்பில் குந்தியிருப்பார். இப்போது வக்கடை (வரம்பில் தண்ணீர் விடும் வாய்) திறக்கும் நேரத்துக்குப் போனால் போதும். எங்கள் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவது இந்தச் சின்னப் பெட்டியால்தான்.

ஆனாலும் மச்சான், நீ வாங்காதே. உங்கள் வட்டையில் மாமா தனியாள், நீ கொழும்பு போனால் சேர்வரைத் திறக்க ஆளில்லை. வேறு கம்பனிச் சென்சர் பார்ப்பதென்றால், பற்றரியைக் கழற்றிப் போட்டுத் தானாகச் சேர்கிறதா என்று உன் கண்முன்னே காட்டச் சொல்லிவிட்டுக் காசைக் கொடு.

என்னுடையதை விற்பாயா என்றும் கேட்டிருந்தாய். விற்க மாட்டேன்.